ராஜாவுக்கு ஓட்டுப் போடுங்கள்!

2025 மார்ச் 9-ஆம் தேதி காத்மாண்டு திரிபுவன் விமான நிலைய வாசலில் ஆயிரக்கணக்கில் கூட்டம். பொக்ராவில் இருந்து திரும்பிய முன்னாள் மன்னர் ஞானேந்திராவை வரவேற்க வந்தவர்கள். ராஜா வர வேண்டும், நாடு பிழைக்க வேண்டும் என்று கோஷம். கூட்டத்துக்கு நடுவே யாரோ உத்தரப்பிரதேச முதல்வர் யோகி ஆதித்யநாத்தின் படத்தையும் தூக்கிப் பிடித்திருந்தார்கள். (அது தனிக்கதை. இன்னொரு நாள்.)

சரியாகப் பத்தொன்பது நாள் கழித்து, மார்ச் 28-ல், அதே ஊரில் டின்குனே என்ற இடத்தில் நடந்த ராஜா ஆதரவு ஆர்ப்பாட்டம் கலவரமாக மாறி இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் வேலைக்கு வந்திருந்த டி.வி. கேமராமேன். கட்டடங்கள் எரிந்தன. காத்மாண்டு மாநகராட்சி கணக்குப் போட்டுப் பார்த்து, சேதத்துக்கு 7,93,000 நேபாள ரூபாய் கட்டச் சொல்லி முன்னாள் மன்னருக்கே நோட்டீஸ் அனுப்பியது!

இந்தக் கூட்டத்தின் மேல் சவாரி செய்ய ஒரு கட்சி இருக்கிறது. ராஷ்ட்ரிய பிரஜாதந்திரக் கட்சி, சுருக்கமாக ஆர்.பி.பி. சின்னம் கலப்பை. எங்களுக்கு ஓட்டுப் போடுங்கள், ராஜாவைக் கொண்டுவருகிறோம் என்பதுதான் அவர்களுடைய வியாபாரம். அந்தச் சரக்கை அவர்களால் ஒருநாளும் டெலிவரி செய்ய முடியாது. முடியாது என்பது அதன் தலைவர்களுக்கும் தெரியும். தெரியாதது விமான நிலைய வாசலில் தொண்டை கிழியக் கத்திய அந்தப் பையன்களுக்கு மட்டும்தான்.

கொஞ்சம் பழைய கதை பார்த்தால்தான் இதில் இருக்கும் வேடிக்கை புரியும். 1960 டிசம்பரில் ஞானேந்திராவின் அப்பா மகேந்திரா, தேர்தலில் ஜெயித்து வந்த பி.பி. கொய்ராலாவின் அரசைக் கலைத்தார். கொய்ராலாவைச் சிறையில் போட்டார். அரசியல் கட்சிகளைத் தடை செய்தார். அதற்குப் பிறகு முப்பது வருஷம் 'கட்சியில்லா பஞ்சாயத்து' ஆட்சி. கட்சி என்பதே தேசத்தைப் பிளக்கும் வியாதி, ராஜா ஒருவர்தான் எல்லாருக்கும் பொது என்று பள்ளிக்கூடத்தில் இருந்து ரேடியோ வரை ஓதினார்கள். 1990-ல் மக்கள் தெருவில் இறங்கி அந்த ஆட்சியை முடித்துவைத்தார்கள். பஞ்சாயத்து காலத்தில் பிரதமர்களாக இருந்த சூர்ய பகதூர் தாபா, லோகேந்திர பகதூர் சந்த் வகையறாக்கள் அதே வருஷம் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? கட்சி ஆரம்பித்தது! அதன் வாரிசுதான் இன்றைய ஆர்.பி.பி.

கட்சியே கூடாது என்ற கிரீடத்துக்குக் கடைசியில் கட்சிதான் கதி. முப்பது வருஷம் பட்டாசு கூடாது என்று பிரசாரம் செய்தவர் தீபாவளிக்குப் பட்டாசுக் கடை போட்ட மாதிரி.

அடுத்து கணக்கு. 2008 மே 28-ல் நேபாள அரசியல் நிர்ணய சபை முடியாட்சியை ஒழித்துத் தீர்மானம் போட்டது. ஆதரவு 560, எதிர்ப்பு 4. அந்த நாலு பேரும் கமல் தாபா நடத்திய ஆர்.பி.பி-நேபாள் என்ற பிரிவின் ஆட்கள். இந்தத் தாபா, 2006 ஏப்ரலில் ஞானேந்திராவுக்கு எதிராக 19 நாள் ஊரே திரண்டு போராடியபோது உள்துறை அமைச்சராக இருந்தவர் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். 2013 தேர்தலில் இவர்களுக்கு 24 இடம் கிடைத்தது. ஆஹா, ராஜா வரப்போகிறார் என்றார்கள். ஆனால் அந்த 24-ம் விகிதாச்சாரப் பட்டியலில் வந்தது. நேரடியாக நின்ற ஒரு தொகுதியில்கூட ஜெயிக்கவில்லை. பிரிந்த கட்சிகள் சேர்ந்தன, சேர்ந்தது மறுபடி பிரிந்தது. 2017-ல் ஒரே ஒரு இடம். 2022-ல் 14. அரசியல் சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்தின் இரண்டு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 275 பேர் கொண்ட கீழ்சபையில் அது 184. 14 எங்கே, 184 எங்கே?

'சரி, மக்களிடமே கேட்டுவிடலாம், வாக்கெடுப்பு நடத்துங்கள்' என்று சிலர் சாமர்த்தியமாகப் பேசுகிறார்கள். அரசியல் சட்டத்தின் 275-வது பிரிவைப் படித்துவிட்டுப் பேசினால் தேவலை. வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று முடிவு செய்வதற்கே நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்! சுற்றிச் சுற்றி வந்தாலும் அதே கதவு, அதே பூட்டு.

எண்ணிக்கை இல்லாதது ஒரு குற்றம் இல்லை. சின்னக் கட்சி பெரிய கட்சி ஆனதே இல்லையா என்ன? அந்தச் சின்ன எண்ணிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

2015 செப்டம்பரில் புதிய குடியரசு அரசியல் சட்டம் ஓட்டெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 507 பேர். எதிராக 25 பேர், கமல் தாபாவின் ஆட்கள். கொள்கைக் குன்றுகள் என்று கைதட்டத் தோன்றுகிறதா? பொறுங்கள். அடுத்த மாதமே கே.பி. ஒளியின் அமைச்சரவையில் கமல் தாபா துணைப் பிரதமர், வெளியுறவு அமைச்சர். எந்தச் சட்டத்தை எதிர்த்துக் கை தூக்கினாரோ அதே சட்டத்தின் கீழ் பதவிப் பிரமாணம். இடையில் ஒரு மாதம்கூட முழுசாக ஓடவில்லை.

கமல் தாபா போய் 2021 டிசம்பரில் ராஜேந்திர லிங்டன் கட்சித் தலைவர் ஆனார். ஆள் புதுசு, பேச்சு புதுசு, இளைஞர்கள் சேருகிறார்கள் என்றார்கள். 2023 ஜனவரியில் அவரும் துணைப் பிரதமர் ஆனார், எரிசக்தித் துறையோடு. யாருடைய ஆட்சியில்? பிரசண்டா ஆட்சியில்! முடியாட்சியைத் துடைத்தெறிய 1996 முதல் 2006 வரை பத்து வருஷம் ஆயுதப் போர் நடத்திய மாவோயிஸ்ட் தலைவர் பிரசண்டா. ராஜாவின் கட்சி அவருக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்து ஃபைல் பார்த்தது. பிப்ரவரி கடைசியில் வெளியே வந்துவிட்டார்கள் என்று சமாதானம் சொல்வார்கள். வந்தது கூட்டணிக் கணக்கு மாறியதால். ராஜாவுக்காக இல்லை.

காமர்ஸ் படிக்கிற எந்தப் பையனுக்கும் 'குட்வில்' என்றால் தெரியும். கண்ணுக்குத் தெரியாத சொத்து. பேலன்ஸ் ஷீட்டில் ஒரு தொகை போட்டுக் காட்டலாம், ஆனால் தனியாக எடுத்து விற்க முடியாது. ஆர்.பி.பி-க்கு ஞானேந்திரா அந்த மாதிரி. அவர் நிஜமாகவே அரண்மனைக்குத் திரும்பிவிட்டால் மறுநாள் காலையில் கட்சிக்கு என்ன வேலை? திரும்பாமல் இருக்கும்வரைதான் ஒவ்வொரு தேர்தலிலும் அவர் பெயரில் சில சதவீதம் வசூலாகும். அதை வைத்து ஒரு துணைப் பிரதமர் நாற்காலி, இரண்டு மூன்று இலாகா.

'பல்கேரியாவைப் பாருங்கள்' என்பார்கள் விஷயம் தெரிந்தவர்கள். பார்ப்போம். இரண்டாம் சிமியோன் 1943-ல் ஆறு வயதில் ராஜா ஆனவர். 1946-ல் கம்யூனிஸ்டுகள் வாக்கெடுப்பு நடத்தி முடியாட்சியை ஒழித்தார்கள், குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போனார். 2001 ஏப்ரலில் திரும்பி வந்து தன் பெயரிலேயே ஒரு இயக்கம் ஆரம்பித்தார். ஜூனில் தேர்தல். இரண்டே மாதம்! 240-ல் 120 இடம். உலகத்தில் எந்த ராஜா கட்சிக்கும் இப்படி ஒரு வெற்றி கிடைத்திருக்காது. 800 நாளில் வாழ்க்கையை மாற்றிக் காட்டுகிறேன் என்று வாக்குறுதி வேறு.

ஜெயித்த ராஜா என்ன செய்தார்? 2001 ஜூலையில் குடியரசின் அரசியல் சட்டத்தின் மேல் சத்தியம் செய்து பிரதமர் ஆனார். கிரீடத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறக்கவும் முடியாது. பிரதமர் ஆனதும் விலைவாசிக்கும் வேலையில்லாத் திண்டாட்டத்துக்கும் அவர்தானே பொறுப்பு? 800 நாள் ஓடிப்போனது. 2005-ல் 53 இடமாகச் சரிந்து, சோஷலிஸ்டுகளின் கூட்டணியில் உட்கார்ந்தார்கள். அந்த சோஷலிஸ்ட் கட்சி வேறு யாரும் இல்லை, சிறுவனாக இருந்த அவரை நாட்டை விட்டு அனுப்பிய கம்யூனிஸ்ட் கட்சியின் நேரடி வாரிசு. (பிரசண்டா ஞாபகம் வருகிறதா?) 2009-ல் மூன்று சதவீதம், பூஜ்யம் இடம். பழைய அரண்மனைகளும் காடுகளும் திரும்பக் கிடைத்தது சரியா என்ற வழக்குகள் மட்டும் மிச்சம்.

சிமியோன் மோசமான பிரதமர் என்று சொல்ல வரவில்லை. நேட்டோவில் 2004-ல் நாடு சேர்ந்தது அவர் காலத்தில்தான். ஆனால் ஓட்டுக் கேட்டு வந்த அன்றே அவர் ராஜா இல்லை என்று ஆகிவிட்டது. ராஜாவை எதிர்த்துப் போஸ்டர் ஒட்ட முடியாது, தோற்கடிக்க முடியாது, அதுதானே அந்தப் பதவியின் மகிமை என்கிறார்கள்? 2009-ல் அவரைப் பல்கேரியர்கள் ஒரு சாதாரண கவுன்சிலரைத் தோற்கடிப்பது போலத் தோற்கடித்தார்கள்.

நியாயமாக ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கம்போடியாவில் ராஜா கட்சி ஜெயித்தது, ராஜாவும் திரும்ப வந்தார். 1993 தேர்தலில் சிஹானூக்கின் மகன் ரணரித் தலைமையில் ஃபன்சின்பெக் கட்சி 120-ல் 58 இடம் பிடித்தது. செப்டம்பரில் சிஹானூக் மறுபடி மன்னர். ஆனால் அது ஐ.நா. படை நாட்டுக்குள் உட்கார்ந்து, இருந்த அமைப்பைக் கழற்றிவிட்டு, புது அரசியல் சட்டம் எழுதிய நேரம்.  அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டாமா? தோற்ற ஹுன் சென் பதவியை விட மாட்டேன் என்று அடம்பிடித்தார், ஒரு நாட்டுக்கு இரண்டு பிரதமர்கள்! 1997 ஜூலையில் ஹுன் சென் துப்பாக்கியைக் கையில் எடுத்து ரணரித்தைத் துரத்தினார். ராஜா வீட்டுப் பிள்ளையை ராஜாவால் காப்பாற்ற முடியவில்லை. 2013 தேர்தலில் ஃபன்சின்பெக்குக்கு ஒரு இடம்கூட இல்லை. நாற்காலி திரும்பி வந்தது, அதிகாரம் வரவில்லை.

இதையெல்லாம் சொன்னால் 'அப்போது இப்போதைய நேபாளக் கட்சிகள் மட்டும் யோக்கியமா?' என்று சண்டைக்கு வருவார்கள். இல்லை ஐயா, இல்லை. 2008-க்குப் பிறகு பத்துக்கும் மேற்பட்ட அரசுகள் வந்து போயின. மூன்று தலைவர்கள் நாற்காலி விளையாட்டு ஆடினார்கள். ஊரில் வேலை இல்லாமல் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போன பையன்கள் அனுப்புகிற பணம் நாட்டு வருமானத்தில் கிட்டத்தட்டக் கால் பங்கு. அந்தப் பையன்களின் கோபம் நூற்றுக்கு நூறு நிஜம். அந்த நிஜமான கோபத்தைக் கள்ள வழியில் காசாக்குவதுதான் இங்கே ஆத்திரம் வரவைக்கிறது. ராஜா இருந்தால் ஆட்சி நிலைக்கும் என்கிறார்கள். 1990-க்கும் 2002-க்கும் நடுவில் ராஜா அரண்மனையில்தான் இருந்தார், அப்போதும் எந்தப் பிரதமரும் ஐந்து வருஷம் முழுசாக இருக்கவில்லை. 2005 பிப்ரவரி 1-ல் ஞானேந்திராவே நேரடியாக ஆட்சியைக் கையில் எடுத்தார். தலைவர்களை வீட்டுக்காவலில் வைத்தார், நாடு முழுக்க டெலிபோனையும் இன்டர்நெட்டையும் துண்டித்தார். பதினைந்தே மாதத்தில் கதை முடிந்தது. இந்த டெமோவைப் பார்த்த பிறகும் அதே மிஷினை வாங்கச் சொன்னால் எப்படி?

அடுத்து யார் என்ற கேள்விக்கும் கட்சியிடம் நேரான பதில் இல்லை. ஞானேந்திரா 1947-ல் பிறந்தவர். மகன் பரஸ் பெயரை எடுத்தால் ராஜா பக்தர்களே பேச்சை மாற்றுகிறார்கள். 2007-லேயே கிரிஜா பிரசாத் கொய்ராலா, அப்பாவும் மகனும் ஒதுங்கிக்கொண்டு பேரன் ஹிருதயேந்திராவை 'குழந்தை ராஜா' ஆக்கலாம் என்று ஒரு வழி சொன்னார். அப்போது அரண்மனை இறங்கி வரவில்லை. குழந்தை இன்று வாலிபன் ஆகிவிட்டார்.

2025 செப்டம்பர் 8, 9 தேதிகளில் நடந்ததை இந்த ஆர்.பி.பி. ஆட்கள் நிதானமாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும். சமூக வலைத்தளங்களைத் தடை செய்த கோபமும் ஊழல் மேல் இருந்த கோபமும் சேர்ந்து பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். முதல் நாளே 19 பேர் செத்தார்கள், மொத்தம் 70-க்கும் மேல். நாடாளுமன்றம் எரிந்தது, சிங்க தர்பார் எரிந்தது, ஒளி ராஜினாமா செய்துவிட்டுப் போனார். அந்த மூன்று நாளும் நாடு கிட்டத்தட்டக் காலி நாற்காலியோடு நின்றது. ராஜாவைக் கூப்பிட இதைவிட நல்ல சந்தர்ப்பம் 2008-க்குப் பிறகு வந்ததே இல்லை. முன்னாள் மன்னர் அதே ஊரில்தான் வீடு வைத்திருக்கிறார், கூப்பிடு தூரம்.

பிள்ளைகள் டிஸ்கார்டில் ராத்திரி முழுக்கச் சண்டை போட்டு, ஓட்டெடுத்து, ஒரு பெயரைச் சொன்னார்கள். முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி. செப்டம்பர் 12 ராத்திரி அவர் பதவியேற்றார்.