பாலம் வேண்டும், அது எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும்

அரட்டைச் செயலிகளை இணைக்கும் இடைநிலை வழங்கிகள் குறித்து, சோழபுரம் வட்டாரக் கட்டற்ற மென்பொருள் பயனர்களாகிய எங்கள் நிலைப்பாடு

சோழபுரத்தில் ஏர்டெல் சிம் வைத்திருப்பவர் ராஜபாளையத்தில் பிஎஸ்என்எல் வைத்திருப்பவரைக் கூப்பிட்டால் மணி அடிக்கிறது. ஜிமெயிலில் இருந்து ஜோஹோ மெயிலுக்கு மின்னஞ்சல் போய்ச் சேர்கிறது. எந்த வங்கியில் கணக்கு இருந்தாலும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடையில் யுபிஐ மூலம் பணம் கட்ட முடிகிறது. ஆனால் நம் ஊர்க்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பிலும் அவர் மகள் டெலிகிராமிலும் இருந்தால், இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் ஒரு வரி அனுப்பிக்கொள்ள வழியில்லை. நிறுவனங்கள் வேண்டுமென்றே எழுப்பிய மதில் இது.

முன்பு எல்லாமே இப்படி இல்லை. எக்ஸ்எம்பிபி என்ற திறந்த நெறிமுறையின் மேல் 2005இல் வந்த கூகுள் டாக், 2006இல் மற்றவர்களின் வழங்கிகளோடும் பேசத் தொடங்கியது. 2013இல் அதன் இடத்தில் ஹேங்கவுட்ஸ் வந்தது. மற்ற வழங்கிகளோடு பேசும் அந்தக் கதவு அதில் இல்லை. பயனர்களிடம் யாரும் கேட்கவில்லை.

மதில் இருக்கும் இடத்தில் பாலம் தேவைப்படுகிறது. எங்கள் குழுவிலேயே மாணவர்கள் டெலிகிராமில் இருக்கிறார்கள், சிலர் மெட்ரிக்ஸ் என்ற திறந்த அரட்டை வலையமைப்பில், பழைய ஆட்கள் எக்ஸ்எம்பிபியிலும் வெறும் எழுத்து அரட்டைக்கான ஐஆர்சியிலும். ஒரு பழைய மடிக்கணினியில் மேட்டர்பிரிட்ஜ் என்ற கட்டற்ற மென்பொருளை ஓடவிட்டு நாலையும் இணைத்தோம். ஒரு பக்கம் வரும் செய்தியை அது வாங்கி, பிரித்து, மறுபக்கத்தின் வடிவத்துக்கு மாற்றி அனுப்புகிறது. பிரித்து என்ற சொல்லில்தான் எங்கள் நிலைப்பாடு முழுவதும் இருக்கிறது.

முனைக்கு முனை மறையாக்கம் என்றால் அனுப்பியவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாது என்று பொருள். நடுவில் நிற்கும் பாலமோ படிக்காமல் மாற்ற முடியாது. ஆகவே பாலம் போட்ட அறையில் அந்தக் காப்பு பாலத்தோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கணினியை வைத்திருப்பவர் நினைத்தால் எல்லாவற்றையும் வாசிக்கலாம். எங்கள் அறையில் ஒரு தம்பி குடும்ப அட்டைப் படத்தைத் தவறுதலாகப் போட்டுவிட்டு, அரை நிமிடத்தில் அழித்தார். டெலிகிராமில் அழிந்தது. ஐஆர்சிக்குப் போன படத்தின் இணைப்பு அங்கேயே நின்றது. அந்த நெறிமுறையின் அடிப்படை வடிவில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் வழி கிடையாது. அவருக்கு அந்தப் பக்கம் ஒன்று இருப்பதே தெரியாது. அது அவர் தவறு இல்லை, சொல்லாமல் விட்ட எங்கள் தவறு.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. லிபெரா.சாட் என்ற ஐஆர்சி வலையமைப்புக்கும் மெட்ரிக்ஸுக்கும் இடையே இருந்த பெரிய பாலம் 2023 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. செய்திகள் போகக்கூடாதவர் கைக்குப் போகலாம் என்ற கவலை அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

எனவே, அறையில் நுழைந்ததும் முதல் வரியில் பாலம் இருப்பதும், எந்தெந்தப் பக்கம் போகிறது என்பதும், யார் பொறுப்பு என்பதும் தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்கிறோம். உறுப்பினர்களின் ஒப்புதல் இல்லாமல் ஒரு வாட்ஸ்அப் குழுவை வெளியே இணைப்பதை நாங்கள் ஏற்கவில்லை. அது வாட்ஸ்அப் நம் எண்ணை முடக்கிவிடும் ஆபத்துக்காக மட்டும் இல்லை, உறுப்பினர்களின் அந்தரங்கத்துக்காகவும்தான். நோய், கடன், வழக்கு பற்றிப் பேசும் குழுக்களுக்குப் பாலமே கூடாது.

தமிழுக்கென்று ஒரு கோரிக்கையும் இருக்கிறது. ஐஆர்சியில் ஒரு செய்தி 512 பைட்டைத் தாண்டக் கூடாது. எழுத்துகளைப் பைட்டுகளாகக் குறிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் புள்ளியும் கொம்பும் உட்பட ஒவ்வொரு குறிக்கும் மூன்று. ‘தமிழ்’ என்ற சொல்லே 15 பைட். ஆங்கிலத்தில் முழுதாகப் போகும் நீளச் செய்தி தமிழில் மூன்றில் ஒரு பங்கிலேயே வெட்டுப்படுகிறது. வெட்டு ழகரத்துக்கும் புள்ளிக்கும் நடுவே விழுந்தால் ‘தமிழ’ என்று நின்று, அடுத்த வரி தனிப் புள்ளியோடு தொடங்குகிறது. பாலம் எழுதும் நிரலாளர்கள் பைட்டை எண்ணி வெட்டாமல் எழுத்தைப் பார்த்து வெட்ட வேண்டும். சில வரி நிரல்தான். நம் மொழியைப் பயன்படுத்துபவர் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

இத்தனையும் செய்தாலும் பாலம் தற்காலிக ஏற்பாடுதான். நிறுவனங்களே கதவைத் திறப்பதுதான் நிலையான தீர்வு. ஐரோப்பிய ஒன்றியம் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின் கீழ் வாட்ஸ்அப்பை அப்படித் திறக்க வைத்திருக்கிறது. பேர்டிசாட், ஹைகெட் என்ற இரு செயலிகளோடு அங்கே இணைப்பு தொடங்குவதாக 2025 நவம்பரில் வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டா அறிவித்தது. இந்தியாவில் உள்ளவருக்கு அந்த உரிமை இல்லை.

நமக்குப் பக்கத்து மாவட்டமான தென்காசியின் மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் வேலை செய்கிறது. அதன் ‘அரட்டை’ செயலியை 2025 செப்டம்பர் கடைசியில் மக்கள் அலையாக நிறுவிய நேரத்தில், இத்தகைய செயலிகள் யுபிஐ போலவும் மின்னஞ்சல் போலவும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று ஜோஹோ நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு சொன்னார். நெறிமுறையைத் தரப்படுத்தி வெளியிடுவது பற்றி ஐஸ்பிரிட் என்ற மென்பொருள் துறை அமைப்போடு பேச்சுத் தொடங்கியதாகவும் தெரிவித்தார். அதை மனதார வரவேற்கிறோம். நெறிமுறை ஆவணம் யாரும் படிக்கும்படி வெளியாக வேண்டும். எக்ஸ்எம்பிபி, மெட்ரிக்ஸ் போல ஏற்கெனவே உலகம் சோதித்த ஒன்றைக் கையாண்டால் இன்னும் நல்லது. சோதனைக்கு ஆள் வேண்டுமென்றால் நாங்கள் தயார்.

எங்கள் அறையின் முதல் வரியில் இப்போது பாலத்தின் விவரம் இருக்கிறது. மடிக்கணினியில் பழைய செய்திகளைச் சேமிப்பதை நிறுத்திவிட்டோம். நீங்கள் இருக்கும் குழுவில் பாலம் இருக்கிறதா, அது யார் கணினியில் ஓடுகிறது என்று அட்மினிடம் இன்றே கேளுங்கள்.