முதல் சீட்டு பேசும்!

ஞாயிறு சாயங்காலம் திருவான்மியூர் பீச்சுக்குக் கிளம்பினேன். லிஃப்ட் வாசலிலேயே மடக்கிவிட்டார் எதிர் ஃப்ளாட் மாமா. "நாலாவது கை இல்லம்மா, வந்து உட்காரு!" அவருடைய பல வருஷத்து பிரிட்ஜ் பார்ட்னர், மகன் வீட்டோடு பெங்களூரு போய்விட்டாராம். எனக்கு ரம்மி தெரியும், பிரிட்ஜ் அரைகுறை. உட்கார்ந்தேன்.

எதிரணி கேட்டது மூணு நோ டிரம்ப். துருப்பே கிடையாது, 13 பிடியில் 9 எடுக்கிறோம் என்று சவால். தடுக்க வேண்டியது நானும் மாமாவும். முதல் சீட்டு என்னுடையது.

இதில்தான் சிக்கல். முதல் சீட்டு விழுந்த பிறகுதான் டம்மியின் சீட்டுகளை மேஜையில் விரிப்பார்கள். அதுவரை என் கையில் இருக்கும் 13 சீட்டும், ஏலத்தில் காதில் விழுந்ததும்தான் துப்பு.

என்னிடம் ஸ்பேடில் ராஜா, ஜாக்கி, 8, 6, 3. ஆர்ட்டினில் ஏஸ். ஏஸைப் போட்டேன், பிடித்தது. அந்தத் தெம்பில் மறுபடியும் ஆர்ட்டின். எதிராளி ராஜாவால் பிடித்து, மடமடவென 9 எடுத்துவிட்டார்.

மாமா கோபப்படவில்லை. "நீ பிடிக்கறதுக்குப் போட்டே. எனக்குச் சொல்றதுக்குப் போட்டிருக்கணும்" என்றார்.

11 கணக்கு

நோ டிரம்ப்பில், நம்மிடம் நீளமாக இருக்கும் இனத்தில் மேலிருந்து நாலாவது சீட்டைப் போடுவது பழைய வழக்கம். எனக்கு அது ஸ்பேட் 6. பார்ட்னர் உடனே 11-லிருந்து 6-ஐக் கழிப்பார். மீதி 5. அதாவது, 6-க்கு மேற்பட்ட ஸ்பேட் மற்ற மூன்று கைகளிலும் சேர்த்து ஐந்துதான்.

"டம்மியில ராணியும் 7-ம். என்கிட்ட ஏஸும் 9-ம். நாலாச்சா? அப்போ அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு!"

சீட்டுகளைத் திருப்பி அடுக்கி ஆடிக் காட்டினார். மாமா ஏஸால் பிடித்து 9-ஐத் திருப்பிப் போட, ஸ்பேடிலேயே எங்களுக்கு ஐந்து பிடி. என் ஆர்ட்டின் ஏஸ் ஆறாவது. 13-ல் 6 போனால் அவர் 9-க்கு எங்கே போவார்?

இதையும் மனசில் வையுங்க

* ராஜா, ராணி, ஜாக்கி வரிசையாக இருந்தால் ராஜாவைப் போடுங்கள்.
* பார்ட்னர் ஏலத்தில் ஒரு இனத்தைச் சொல்லியிருந்தால், பெரும்பாலும் அதுவே நல்ல தொடக்கம்.
* துருப்பு உள்ள ஆட்டத்தில், ஏஸைக் கையில் வைத்துக்கொண்டு அதே இனத்தில் சின்னச் சீட்டைப் போடாதீர்கள்.
* போட்டிகளில் முதல் சீட்டைக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். ஆள் மாறிப் போட்டிருந்தால் திருத்திக்கொள்ளலாம்.

2015-ல் உலக அணிகள் சாம்பியன்ஷிப் நடந்ததே நம்ம சென்னையில்தான். போலந்து பெர்முடா கோப்பையை வென்றது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் முதன்முறையாக இடம்பெற்றபோது, பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் ஜோடி நமக்குத் தங்கம் வாங்கித் தந்தது. பர்தனுக்கு அப்போது வயது 60! இப்படிப்பட்ட போட்டிகளில் ஒரே சீட்டுகளைப் பல மேஜைகளில் ஆடுவதால், அதிர்ஷ்டத்தின் மீது பழி போட முடியாது. ஒரு மேஜையில் ஜெயித்து இன்னொன்றில் தோற்பதற்கு, முதல் சீட்டு மட்டுமேகூடக் காரணமாக இருக்கலாம்.

அடுத்த ஆட்டம். மறுபடியும் நோ டிரம்ப், மறுபடியும் நான்தான். இந்த முறை டைமன் 5 போட்டேன். டம்மி விரிந்தது. எதிரில் மாமாவின் உதடு லேசாக அசைந்தது. 11-ல் 5 போனால் 6.

நான் சொன்னது அவருக்குக் கேட்டுவிட்டது.