ஆகாயத்தாமரையும் கைக்காகிதமும்

தாம்பரத்தைச் சுற்றிய ஏரிகளில் ஆகாயத்தாமரை மண்டிப் பாசனத்தைக் கெடுப்பது மிராசுதார்கள் அறிந்ததே. அதைக் காகிதமாக்கி, மணிகளும் காதணிகளும் செய்து விற்கலாமென்று பலர் கூறுகின்றனர். யோசனை நல்லதே, ஆயினும் அதன் அளவை அறிதல் வேண்டும்.

இச்செடியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீரே. வண்டி நிறைய வாரினாலும் உலர்ந்தபின் எஞ்சுவது சிறு மூட்டைதான். தண்டை நறுக்கிச் சோடாக்காரமிட்டுக் காய்ச்சி, அலசி, இடித்துக் கூழாக்கித் தொட்டியில் கரைத்து, சல்லடைச் சட்டத்தால் அள்ளி, அழுத்தி உலர்த்துவர். இந்நார் மட்டுமாயின் தாள் எளிதில் முறியும். பருத்திக் கந்தைக் கூழ் கலந்தால் உறுதிப்படும். புதுச்சேரி அரவிந்தாசிரமத்தில் 1959இல் தொடங்கிய கைக்காகிதச் சாலைக்கும் பருத்தித் துணுக்கே ஆதாரம்.

எழுதுதாள் செய்து ஆலைகளோடு போட்டியிடுவது வீண். தாளை நீண்ட முக்கோணக் கீற்றுகளாக வெட்டி, அகன்ற முனையிலிருந்து ஊசிமேல் சுருட்டி, பசையிட்டு மெருகெண்ணெய் பூசினால் மணியாகும். கூலி தேறுவது இங்கேதான். பெண்கள் ஓய்வு வேளையில் செய்யட்டும் என்பார்கள். நடவுக் காலத்தில் அவர்களுக்கு ஓய்வேது?

இத்தொழிலை நம்பி ஏரியைச் சுத்தம் செய்யாது விடலாகாதென்பதே என் அபிப்பிராயம். காகிதத்திற்கு வேண்டுவது சிறிது. ஏரி தருவதோ மலையளவு. வாரியதைக் கரையில் குவித்தால் மழையில் நீரிலிறங்கி மீண்டும் தழைக்கும். ஆதலின் மிகுதியைச் சாணத்துடன் கம்போஸ்டுக் குழியிலிடுக. ஆனால் தோல் பதனிடும் சாலைக் கழிவு கலந்த நீரில் வளர்ந்த செடி குரோமியத்தை உறிஞ்சியிருக்கும், அதை எருவாக்கலாகாது. காரம் காய்ச்சிய நீரைக் கால்வாயில் விடவும் கிராம அதிகாரிகள் இடங்கொடுத்தல் கூடாது.