உப்புக்காற்றுக்கும் சேர்த்து அட்வான்ஸில் பிடித்தம்

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடலோரத்தில் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜன்னல் கிரில், கேட்டின் கீல், தாழ்ப்பாள், ஏசியின் வெளி யூனிட் என எதையும் அது விட்டுவைப்பதில்லை. உப்பு, காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை எட்டிவிட்டால் கம்பி துருவேறிப் பருத்து, மேல்பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். இவ்வளவும் தெரிந்த வீட்டுக்காரர்களில் சிலர்தான், குடியிருந்தவர் காலி செய்யும் நாளில் துருவுக்கும் சேர்த்து அட்வான்ஸில் கைவைக்கிறார்கள்.

குடியிருப்பவர்கள் சேதமே செய்வதில்லை என்று சொல்ல வரவில்லை. பொத்தேரி, கூடுவாஞ்சேரிப் பக்கம் இரண்டு படுக்கையறை வீட்டில் ஏழெட்டு மாணவர்கள் தங்கினால் கழிவுநீர்க் குழாய் அடைக்கும், கதவு உடையும், ஸ்விட்ச் போர்டு தொங்கும். வீட்டுக்காரரின் ஆத்திரம் நியாயமானது. அவரிடம் இல்லாதது ஆதாரம். சாவி கொடுத்த அன்று வீடு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

சட்டம் இதில் குழப்பம் வைக்கவில்லை. வழக்கமான தேய்மானம் போக, வீட்டைப் பெற்றுக்கொண்ட நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்பதை 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமே சொல்லிவிட்டது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டம் (2017) வேலைகளையும் பிரித்துக் கொடுத்திருக்கிறது. கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், கழிப்பறைப் பழுது, பூட்டு, கண்ணாடி ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை இதுதான் கணக்கு. அப்படியிருக்க, ‘பெயிண்டிங் சார்ஜ்’ என்று ஒரு மாத வாடகையைக் கழிக்கும் பழக்கம் ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லாமலே ஊரெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பெரிய அட்வான்ஸ்தான் பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் பொய்த்துப்போகிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது சட்டம். கூடவே, ஒப்பந்தத்தில் வேறு தொகைக்குச் சம்மதித்தால் வாங்கலாம் என்று கதவையும் திறந்துவைத்திருக்கிறது. பணம் திரும்ப வராது என்று சந்தேகப்படும் குடித்தனக்காரர் என்ன செய்கிறார்? கடைசி மாதங்களில் வாடகை தராமல், “அட்வான்ஸில் கழிச்சுக்குங்க சார்” என்கிறார். சேதத்துக்கு என்று வைத்திருந்த பணம் வாடகையிலேயே கரைந்துவிடுகிறது. உண்மையிலேயே சிங்க் உடைந்திருந்தால் அப்போது ஈடுகட்ட எதுவும் மிஞ்சாது. ஆத்திரத்தில் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் வீட்டுக்காரர்தான் சட்டத்தின் முன் குற்றவாளி.

செய்ய வேண்டியதற்குச் செலவு அதிகமில்லை. குடிவரும் அன்று இரு தரப்பும் அறை அறையாக நடந்து செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே உள்ள துரு, விரிசல், கசிவு, மின் மீட்டர் அளவு, சாவிகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஒப்பந்தத்தோடு இணைத்துவிடலாம். 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவித்துவிட்டு இடையிடையே வீட்டைப் பார்க்கவும் வீட்டுக்காரருக்கு உரிமை இருக்கிறது. கசிவு என்று போன் வந்தால் திட்டாமல் பிளம்பரை அனுப்பும் வீட்டுக்காரருக்குத்தான் அடுத்த கசிவும் உடனே தெரியவரும். திட்டு வாங்கியவர், சுவர் ஊறிப்போகும்வரை வாயைத் திறக்கமாட்டார்.

வாடகை ஒப்பந்தங்களைப் பதிவு செய்ய அரசின் இணையதளம் இருக்கிறது. அறைவாரியான இந்தப் பட்டியலை அங்கேயே கட்டாய இணைப்பாக்கி, கடலோர வீடுகளுக்கு உப்பரிப்பை வழக்கமான தேய்மானமாகக் குறித்துவிட்டால், காலி செய்யும் நாளில் வாடகை அதிகாரியின் முன்போ வாசற்படியிலோ எது யார் செய்த சேதம் என்று சண்டை பிடிக்க வேண்டியிருக்காது. சட்டப்படி ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தருவதற்கும் தடையிருக்காது.