வேலை விசாவிலிருந்து மாணவர் விசாவுக்கு மாறுவது: லம்பா லைன் தமிழ்க் குடும்பங்களின் நிலைப்பாடு

வெளிநாட்டில் வேலை விசாவில் இருக்கும் ஒருவர், அந்த நாட்டைவிட்டு வெளியேறாமலே மாணவர் விசாவுக்கு மாறிக்கொள்ள வழி இருக்க வேண்டும். மேலே படிக்க ஆசைப்படுகிறவருக்கு அந்த வழியை அடைக்கக் கூடாது. அதே நேரம், வேலை பறிபோய்த் தவிக்கிறவரிடம் “தங்க வேண்டுமானால் இதுதான் ஒரே வழி” என்று சொல்லிக் கல்லூரி சீட்டை விற்பதை லம்பா லைன் தமிழ்க் குடும்பங்களின் சங்கமான நாங்கள் எதிர்க்கிறோம். வேலை இழந்தவருக்கு வேண்டியது இன்னொரு வேலை தேடிக்கொள்ள அவகாசம். அதைக் கொடுக்க வேண்டியவை அந்த நாடுகளின் அரசுகள்; கேட்டு வாங்க வேண்டியது நம் அரசு.

அந்தமான் நிக்கோபாரின் ஸ்ரீ விஜயபுரத்தில் விமான நிலையத்தை ஒட்டிய எங்கள் லம்பா லைன் பகுதியிலிருந்து இதை ஏன் சொல்கிறோம் என்று சிலர் கேட்கக்கூடும். 2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். எங்கள் பிள்ளைகள் படிப்புக்கு மெயின்லாண்ட் போகிறார்கள். அங்கிருந்து செவிலியராக, பராமரிப்பாளராக, மென்பொருள் ஊழியராகக் கடல் கடக்கிறார்கள். காகிதத்தில் இருக்கும் ஒரு வரி குடும்பத்தின் கதியை மாற்றிவிடும் என்பதை நாங்கள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்கள் இங்குள்ள கச்சால் தீவின் ரப்பர் தோட்டங்களில் குடியேற்றப்பட்ட வரலாறு எங்கள் உறவுகளின் வரலாறு.

இன்று எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது பிரிட்டன். 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை அங்கே பராமரிப்புத் துறையில் மட்டும் 470-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின், வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்கத் தேவையான ஸ்பான்சர் லைசென்ஸ் ரத்தானது. அவற்றைச் சார்ந்திருந்த தொழிலாளர்கள் 39,000-க்கும் அதிகம் என்று பிரிட்டன் அரசே சொன்னது. தவறு செய்தது முதலாளி. ஆனால் வேலையும் விசாவும் சேர்ந்து போனது தொழிலாளிக்கு. உள்துறை அலுவலகத்தின் கடிதம் வந்ததும் 60 நாள் கணக்கு தொடங்குகிறது. அதற்குள் லைசென்ஸ் உள்ள வேறொரு முதலாளியைப் பிடித்துப் புது விண்ணப்பம் போட வேண்டும்; இல்லையென்றால் வேறு விசாவுக்கு மாற வேண்டும்; அதுவும் முடியாவிட்டால் ஊர் திரும்ப வேண்டும். அந்தக் கடிதம் வந்த வாரத்தில்தான் கல்லூரி சீட்டு விற்கும் ஏஜென்ட்டின் போன் வருகிறது.

அவர் சொல்லாமல் விடுவதை இங்கே விரிவாகவே சொல்கிறோம். மாணவர் விசாவுக்கு முதலில் கல்லூரியின் சேர்க்கை உறுதிச் சான்று வேண்டும். முன்பணம் கட்டாமல் அதைப் பெரும்பாலான கல்லூரிகள் தருவதில்லை. விண்ணப்பக் கட்டணம் 2025 ஏப்ரலில் 524 பவுண்டு ஆனது. மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு, படிப்புக் காலம் முழுமைக்கும் முன்கூட்டியே. சுகாதார, பராமரிப்புப் பணியாளர் விசாவில் இருந்தவர்களுக்கு இந்தக் கூடுதல் கட்டணமே கிடையாது என்பதால், பலருக்கு இது அப்போதுதான் தெரிய வருகிறது. முதுநிலைப் படிப்பின் கட்டணம் பெரும்பாலும் 10,000 பவுண்டுக்கு மேல். இவ்வளவையும் கட்டிவிட்டுப் படிப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். வேலைக்குப் போவதற்காக ஏற்கெனவே நகையை அடகு வைத்த வீடு, இந்த இரண்டாவது கடனை எதை வைத்து வாங்கும்?

பணத்தைவிடப் பெரிய விஷயம் குடும்பம். 2024 மார்ச் 11-க்கு முன் பராமரிப்பாளராகப் போனவர்கள் கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ உடன் அழைத்துச் செல்ல முடிந்தது. மாணவர்களுக்கான விதி வேறு. 2024 ஜனவரி 1 முதல், முனைவர் பட்டம் போன்ற ஆய்வுப் படிப்பில் இருப்பவர்களும் அரசு உதவித்தொகை பெறும் சிலரும் தவிர, மற்ற மாணவர்கள் குடும்பத்தை வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே ஒரு தாய் தன் விசாவைக் காப்பாற்றிக்கொள்ள ஓராண்டு முதுநிலைப் படிப்பில் சேர்ந்தால், அங்கேயே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் அவருடைய பிள்ளைக்கு அந்த விசாவில் இடமில்லை. தங்குவதற்காக மாறியவர் தனியாகத் தங்குகிறார். இதைச் சொல்லாமல் சீட்டு விற்பது மோசடி என்றே நாங்கள் கருதுகிறோம்.

மாறிய பிறகு வேலை விசாவுக்குத் திரும்பி வருவதும் எளிதில்லை. 2023 ஜூலை 17 முதல், படிப்பை முடிக்காமல் மாணவர் விசாவிலிருந்து வேலை விசாவுக்கு மாற முடியாது. முனைவர் பட்ட மாணவர்களுக்கு மட்டும் சிறு தளர்வு உண்டு. நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு வேலை விசாவில் சேர்த்துவைத்த ஆண்டுக் கணக்கில் மாணவராக இருந்த காலம் சேராது. 2025 ஜூலை 22 முதல் வேலை விசாவுக்கான பொதுவான ஊதிய வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டாக உயர்ந்திருக்கிறது. பராமரிப்பாளரின் சம்பளம் அதன் பக்கத்தில்கூட வராது.

அமெரிக்காவிலும் வேலை போன எச்-1பி வேலை விசா ஊழியருக்கு அதிகபட்சம் 60 நாள்தான். அதற்குள் ஐ-539 படிவம் போட்டு எஃப்-1 மாணவராக மாறக் கேட்கலாம். முடிவு வருவதற்குள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் புறப்பட்டால், அந்த விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கொள்ளப்படும். எச்-1பி ஊழியரின் துணைக்கான எச்-4 அனுமதியில் வேலை பார்த்துவந்த மனைவி, மாணவரின் துணைக்கான எஃப்-2-க்கு மாறினால் வேலை செய்ய முடியாது. கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்பவர், படித்து முடித்ததும் நாடு திரும்புவேன் என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டிய சங்கடமும் இருக்கிறது.

உண்மையிலேயே படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு விஷயம். வேலையில் இருந்துகொண்டே படிக்க, பல நேரங்களில் விசாவை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. பிரிட்டனின் வேலை விசாவிலும் அமெரிக்காவின் எச்-1பியிலும், வேலையை விடாமல் பகுதி நேரமாகப் படிக்கலாம். முழு நேரம் படிக்கத்தான் வேண்டும் என்றால், உள்நாட்டிலேயே மாறும் வழி எங்களைப் போன்ற தீவுக்காரர்களுக்கு மிகவும் முக்கியம். இங்கே விசா மையம் இல்லை. சொந்த ஊருக்கு வந்து விண்ணப்பம் போடுவது என்றால் எங்களுக்குச் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ இன்னொரு பயணம்: விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரம், கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா, படிப்பு முடித்த பட்டதாரி விசாவில் இருப்பவர்கள் உள்ளிருந்தபடியே மாணவர் விசா கேட்பதைத் தடுத்துவிட்டது. அந்தப் போக்கு மற்ற நாடுகளுக்குப் பரவக் கூடாது.

அதே ஆஸ்திரேலியா அதே தேதியில் ஒரு நல்ல காரியமும் செய்தது. ஸ்பான்சரை இழந்த தொழிலாளிக்குப் புது முதலாளியைத் தேடிக்கொள்ள ஒரே மூச்சில் 180 நாள், விசாக் காலம் முழுவதிலும் சேர்த்து 365 நாள் என்று விதியை மாற்றியது. அந்த இடைவெளியில் வேறிடத்தில் வேலை செய்யவும் விட்டது. எங்கள் கோரிக்கையின் மையம் இதுதான். பிரிட்டனோடு 2021 மே 4 அன்று கையெழுத்தான இடப்பெயர்வு ஒப்பந்தம் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தின் பேச்சு மேசையில் இந்த 180 நாளை இந்திய அரசு கேட்க வேண்டும். முதலாளியின் குற்றத்தால் லைசென்ஸ் ரத்தானால், தொழிலாளியின் அடுத்த விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் கேட்க வேண்டும்.

இன்னொரு கோரிக்கை நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் பதிவு செய்திருக்க வேண்டும். படிப்புக்கு அனுப்புகிறவருக்கு அந்தச் சட்டத்தில் அப்படிக் கட்டாயம் இல்லை. நேற்று வேலை விசா வாங்கித் தந்தவரே இன்று கல்லூரி சீட்டு விற்கும்போது, கேட்க ஆளில்லாத இடத்துக்கு நகர்ந்துவிடுகிறார். பஞ்சாப் 2012-இலேயே பயண, படிப்பு ஆலோசகர்களுக்கும் லைசென்ஸ் கட்டாயம் என்று சட்டம் செய்தது. எங்களுக்குச் சட்டமன்றம் கிடையாது. ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் 240-ஆவது பிரிவின்படி அந்தமான் நிக்கோபாருக்குக் குடியரசுத் தலைவர் ஒழுங்குமுறை கொண்டுவர முடியும். அதற்கான பரிந்துரையைத் துணைநிலை ஆளுநரின் நிர்வாகம் உள்துறை அமைச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். ஸ்ரீ விஜயபுரத்தில் தமிழ், வங்காளம், இந்தி, தெலுங்கு தெரிந்தவர்கள் உட்காரும் ஓர் உதவி மேசையும் வேண்டும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களை நாங்கள் கேட்டுக்கொள்வது இது. கடிதம் வந்தால் மறைக்காதீர்கள். முதலில் அதன் தேதியைப் பாருங்கள். ஏஜென்ட்டுக்குப் பணம் அனுப்புவதற்கு முன், பிரிட்டனில் பதிவு பெற்ற குடியேற்ற ஆலோசகர் ஒருவரிடம் பேசச் சொல்லுங்கள். ஸ்பான்சரை இழந்த பராமரிப்பாளர்களுக்கு வேறு முதலாளியைத் தேடித்தர இங்கிலாந்தில் அரசு நிதியில் வட்டாரக் கூட்டமைப்புகள் இயங்குகின்றன. அவற்றைத் தொடர்புகொள்ளச் சொல்லுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் புகாரைப் பதியுங்கள். கடிதத்தின் நகலோடு எங்களிடம் வாருங்கள். விண்ணப்பம் எழுதவும், அதிகாரிகளிடம் கொண்டுபோகவும் நாங்கள் கூட வருகிறோம்.