பார்சலும் பள்ளக்காடும்: மீள்சுழற்சி கடையில் தொடங்கட்டும்

2022 ஜனவரியில் அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காடு குப்பை மேட்டில் இரண்டு காட்டு யானைகள் இறந்து கிடந்த படங்கள் உலக ஊடகங்கள் வரை போயின. எட்டு வருடங்களுக்குள் சுமார் இருபது யானைகள் அங்குள்ள பிளாஸ்டிக் கழிவுகளைத் தின்று இறந்திருப்பதாக அப்போது செய்திகள் கூறின. பிரேதப் பரிசோதனையில் கண்டெடுக்கப்பட்டவை பொலித்தீனும் உணவு சுற்றிய உறைகளும்தான். செய்தியை வாசித்தவர்கள் வனஜீவராசிகள் திணைக்களத்தைத் திட்டினார்கள். ஆனால் யானை பொலித்தீனைத் தேடி வரவில்லை. அதில் ஒட்டியிருந்த சோற்றையும் கறியையும் தேடித்தான் வந்தது. அந்தச் சோற்றில் பெரும்பங்கு எமது கரையோர ஊர்களில் பார்சல் கட்டப்பட்ட சோறு.

பள்ளக்காடு தானாக உருவான குப்பை மேடு அல்ல. 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் ஆரம்பிக்கப்பட்டது. அயலிலுள்ள ஊர்களின் குப்பை அங்கு கொட்டப்பட்டதே தவிர மீள்சுழற்சி செய்யப்படவில்லை. 2014இல் மின்னல் தாக்கிப் பழுதான யானை வேலியும் திருத்தப்படாமலே கிடந்தது.

சட்டம் இல்லாததால் இந்த நிலை என்றும் சொல்ல முடியாது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி மீத்தொட்டமுல்லை குப்பை மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே வருடம் செப்டெம்பர் 1ஆம் திகதி முதல் பொலித்தீன் லன்ச் ஷீட்டும் ரெஜிபோம் உணவுப் பெட்டியும் தடை செய்யப்பட்டன. 2023 ஒக்டோபர் முதல் பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, தட்டு, கரண்டி, இடியப்பத் தட்டு என்பனவும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. இவ்வளவுக்குப் பிறகும் இஷாவுக்குப் பின்னர் கொத்துச் சத்தம் கேட்கும் எந்தக் கடைக்குப் போனாலும் சோறு எதில் சுற்றப்படுகிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. "உக்கும் லன்ச் ஷீட்" என்று கடைக்காரர் காட்டுவார். அது உண்மையிலேயே உக்குமா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எமது ஊர்களில் மீள்சுழற்சி என்றால் சந்தியில் மூன்று நிற வாளிகளை வைத்துப் படம் எடுப்பது என்றாகிவிட்டது. படம் முகநூலில் ஏறும். மூன்று மாதத்தில் மூன்று வாளியிலும் ஒரே குப்பை கிடக்கும். இதற்குப் பொதுமக்களின் பொறுப்பின்மையைக் குறை சொல்வது இலகு. என் பார்வையில் கோளாறு வாளிக்கு முன்னரே, பார்சல் கட்டும் மேசையில் தொடங்குகிறது.

எங்கள் தெருவுக்குப் பழைய சாமான் வாங்க வரும் வியாபாரியிடம் பேசிப் பார்த்தேன். தண்ணீர்ப் போத்தலை எடுப்பார். கழுவிய பிளாஸ்டிக் பெட்டியை எடுப்பார். லன்ச் ஷீட் என்றதும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கணக்கு இருக்கிறது. ஒரு லன்ச் ஷீட் சுமார் இரண்டு கிராம். ஒரு கிலோ சேர்க்க ஐந்நூறு ஷீட் வேண்டும், அத்தனையும் எண்ணெயும் குழம்பும் பூசியவை. அவற்றைக் கழுவும் செலவு, கிடைக்கும் பிளாஸ்டிக்கின் விலையை விட அதிகம். ரெஜிபோம் பெட்டியோ பெரும்பாலும் காற்று. லொறி நிறைய ஏற்றினாலும் நிறை வராது. உட்புறம் பளபளக்கும் கடதாசிப் பெட்டி பார்க்கச் சுற்றாடலுக்கு நல்லது போலத் தெரியும். கடதாசியோடு பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருப்பதால் அதைக் கடதாசி வாங்குபவரும் எடுப்பதில்லை, பிளாஸ்டிக் வாங்குபவரும் எடுப்பதில்லை.

மிஞ்சுவது அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இலக்கமிடப்பட்ட, மூடியுடன் கூடிய பொலிபுரொப்பிலீன் பெட்டி. நாற்பது பெட்டி அளவில் ஒரு கிலோ வரும். கழுவினால் வீட்டிலும் சில தடவை பாவிக்கலாம். ஓர் ஊரின் உணவகங்கள் எல்லாம் இந்த ஒரு வகையை மட்டும் பாவிப்பதென்று உடன்பட்டால், சேர்ப்பவருக்கு வேறு பிரிக்கும் வேலையே இருக்காது. பகல் சோற்றுக்குப் பெட்டியும் அவசியமில்லை. வாட்டிய வாழையிலையும் கடதாசியும் போதும். இலை பசளையாகும்.

"பெட்டிக்கு யார் காசு கொடுப்பது?" என்று உணவக உரிமையாளர் கேட்பார். நியாயமான கேள்வி. லன்ச் ஷீட்டுக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசத்தைத் தனியொரு கடை சுமந்தால், வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். அதனால்தான் இதைத் தனித்தனியாக அல்லாமல் ஊராகச் செய்ய வேண்டும் என்கிறேன். 2025 நவம்பர் 1ஆம் திகதி முதல் கைபிடி உள்ள பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்க முடியாது, அதன் விலையைப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும் என்று வந்ததல்லவா, அதே வழியைப் பெட்டிக்கும் கொண்டு வரலாம். கொத்தின் விலை வேறு, பெட்டியின் விலை வேறு. வீட்டிலிருந்து சட்டியோ டிபன் கெரியரோ கொண்டு வருபவர் பெட்டிக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. ஒரு காலத்தில் பாயாக் கடைக்குச் சட்டி கொண்டு போனவர்கள்தானே நாம். இதை வறுமையின் அடையாளமாகப் பார்க்கும் பழக்கம் எப்போது வந்ததோ தெரியவில்லை.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. நோன்பு மாதத்தில் இப்தார் பொதிகளுக்காக ஊரிலேயே அதிகமான பெட்டிகளை மொத்தமாக வாங்குவது அவர்கள்தான். கந்தூரிக்கும் வலீமாவுக்கும் சஹன் வைத்துச் சாப்பிடும் சமூகம் நாம். ஒரு சஹனில் ஆறு பேர் சாப்பிட்டு எழுந்தால் குப்பை என்று எதுவும் மிஞ்சாது. அதே ஆறு பேருக்கும் பொதி கொடுத்தால் ஆறு பெட்டி, ஆறு கரண்டி, ஆறு பை. அடுத்த நோன்புக்கு வாங்கும் பெட்டி எந்த இலக்கம் என்று கேட்டு வாங்கினாலே மொத்த வியாபாரி சரக்கை மாற்றுவார். ஆயிரம் பெட்டி வாங்குபவரின் சொல் அவரிடம் எடுபடும்.

பிரதேச சபைகளிடம் நான் எதிர்பார்ப்பது பெரிய திட்டமல்ல. கிழமைக்கு ஒரு நாள், ஒரே நாளில், கழுவிய பெட்டியும் போத்தலும் மட்டும் எடுக்கும் ஒரு வண்டி போதும். அன்று அதில் வேறு குப்பை ஏற்றக் கூடாது. வீட்டில் பிரித்து வைத்ததை ஊழியர் கண் முன்னே ஒரே வண்டியில் கலந்து கொட்டுவதைப் பார்த்த பெண்கள், மறு கிழமை பிரித்து வைக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் நடந்ததும் அதுதான். வண்டி சேர்ப்பதைச் சபையே விற்கத் தேவையில்லை. பழைய சாமான் வியாபாரிகளிடம் கேள்வி மனு கோரி விலைக்குக் கொடுக்கலாம். அந்தப் பணம் வண்டியின் டீசலுக்காவது உதவும்.

அழுக்கான பெட்டியை வண்டி எடுக்கக் கூடாது, திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் சண்டை வரும். பாத்திரம் கழுவிய மிச்சத் தண்ணீரில் ஒரு தடவை அலசினால் போதும் என்பது இரண்டு கிழமையில் எல்லோருக்கும் பழகிவிடும்.