சாவி யாரிடம் இருக்கிறது?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் வந்தாள். குடியிருப்போர் பாதுகாப்பு பற்றிய கணக்கெடுப்பாம். அம்மாவுக்கு 78 வயது. கதவைத் திறந்தது அவள்தான்.

"பாட்டி, இருட்டுன அப்புறம் உங்க ஏரியாவுல தனியா நடந்து போறப்ப எவ்வளவு பாதுகாப்பா இருக்கு?"

"இருட்டுன அப்புறம் நான் எங்கம்மா போறேன்?"

அந்தப் பதிலுக்குத் திரையில் இடமில்லை. இருந்தவை நான்கு. அந்தப் பெண் சற்று நேரம் பார்த்துவிட்டு, 'ஓரளவு பாதுகாப்பு' என்பதைத் தொட்டுவிட்டுப் போனாள். வாரம் முழுக்க எனக்கு மனம் ஆறவில்லை.

அவள்மேல் கோபமில்லை. கேள்வி பழையது. 1982இல் பிரிட்டிஷ் குற்றக் கணக்கெடுப்பு தொடங்கியபோது கேட்டதும் ஏறக்குறைய இதுதான். அந்தக் கேள்வியில் 'குற்றம்' என்ற சொல்லே கிடையாது. தெருநாய்க்குப் பயந்தவரும், மூடாத பள்ளத்துக்குப் பயந்தவரும் அதே பதிலைத்தான் தொடுவார்கள். ராத்திரி வெளியே போகாதவரோ கற்பனையில்தான் பதில் சொல்ல முடியும். ஃபெராரோ, லாக்ரேஞ்ச் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1987லேயே இந்தக் குறையைச் சுட்டி எழுதிவிட்டார்கள்.

குற்றம் குறைந்தால்தான் பயம் குறையும் என்பதுமில்லை. 1970களின் கடைசியில் நியூ ஜெர்சியின் நியூவார்க் நகரத்தில் போலீஸ்காரர்களைக் காரிலிருந்து இறக்கித் தெருத்தெருவாக நடக்கவிட்டுப் பார்த்தார்கள். குற்றம் குறையவில்லை. குடியிருந்தவர்களின் பயம் குறைந்தது.

இங்கே, அமெரிக்க நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸிடம் போகாமல் என்னால் இருக்க முடியாது. அவருடைய 1961ஆம் வருடத்துப் புத்தகத்தில் ஒரு தெரு வரும். நியூயார்க்கின் ஹட்சன் தெருவில் அவர் குடியிருந்தார். அங்கே ஒரு தின்பண்டக் கடைக்காரரிடம் எப்போதும் பத்துப் பன்னிரண்டு வீட்டுச் சாவிகள் இருக்கும். ஊருக்குப் போகிறவர்கள், விருந்தாளியை எதிர்பார்ப்பவர்கள் கொடுத்து வைத்தவை. ஒரு நாள் ஒரு சின்னப் பெண்ணைத் தன்னோடு வரச் சொல்லி ஓர் ஆள் வற்புறுத்திக்கொண்டிருக்க, கடைகளிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றுவிட்டார்கள். அவர் அப்பாதான் என்று பிறகு தெரிந்தது. எத்தனை தடவை படித்தாலும் அந்தப் பக்கத்தில் நின்றுவிடுவேன்.

எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டியில், கரிப்பெட்டிக்கு மேலே ஓர் ஆணி உண்டு. எங்கள் சாவி அதில்தான் தொங்கும். நடைபாதை வேலைக்காகப் போன ஐப்பசியில் வண்டியை எடுக்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அம்மா ராத்திரிப் பூஜைக்குக் கோயிலுக்குப் போவதில்லை. முட்டி வலி என்றாள், நானும் நம்பினேன். எதை எப்போது நிறுத்தினீர்கள் என்று அந்தப் பெண் கேட்டிருந்தால் ஐப்பசி என்று பதில் வந்திருக்கும். வீட்டிலேயே இருந்த நானும் அதைக் கேட்கவில்லையே.

வண்டி இப்போது இரண்டு தெரு தள்ளி நிற்கிறது. வியாழக்கிழமை துணி கொடுக்கப் போனேன். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு இஸ்திரிக்காரர் கேட்டார்: "ஏன் சார், அம்மா கோயிலுக்குப் போறாங்களா? அந்தப் பக்கம் எட்டு மணிக்கு மேல லைட்டும் இல்ல, ஆளும் இல்ல."